பெட்டிக்குள் மோ யாயின்

மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு விம்மிக் காட்டிக்கொடுத்துவிடும். சின்னதாக இழுத்துச் சின்னதாக விட வேண்டும், வயிறு ஏறி இறங்காமல், தொண்டைக்குழிக்குக் கீழே விரற்கடை ஆழத்துக்கு மட்டும். இதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா மேடம், நீங்கள் பாடகியாயிற்றே என்று இயக்குநர் ஹோ குழைந்தார். வேண்டாம்தான். முப்பது வருஷமாக மூச்சை விற்றுத்தானே சாப்பிடுகிறேன், இன்றைக்கு அதை ஒளித்துவைப்பதற்குச் சம்பளம், அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணை மூடி, கைகளை வயிற்றில் கோத்து, பட்டுச் சட்டையும் முத்து வைத்த தொப்பியுமாகப் பிணமாகப் படுத்திருக்கிறேன். ஈப்போவுக்கு வெளியே ஈயச் சுரங்க முதலாளி ஒருவர் கட்டிப் பாழாய்ப்போன பங்களா, அதன் கூடத்தில் பெட்டி. நிஜச் சவப்பெட்டி, கடையிலிருந்து இரவல். அட்டையில் செய்தால் காமிராவில் அட்டையாகத்தான் தெரியும் என்று ஹோ சொல்லிவிட்டார். நான் இந்தத் தொடரின் மூத்தம்மா, காப்பிக்கடைக் குடும்பத்தின் பெரிய எஜமானி, இன்று எனக்குச் சாவு. தலையணைக்கு அடியில் சிவப்பு உறை, அங்பாவ், பிணமாக நடிப்பவருக்குத் தோஷம் கழிய வைப்பது. சியூ லிங் உரக்கச் சொல்லிக்கொண்டே போகிறாள், உதவி இயக்குநர், முப்பது வயதுதான், ஆனால் சாங்கியத்தில் கிழவிகளைத் தோற்கடிப்பாள்: “மேடம் பெயரை யாரும் சொல்லாதீங்க. யார் நிழலும் பெட்டிக்குள்ளே விழக் கூடாது. மூடி போடும்போது புலி வருஷத்துக்காரங்க எல்லாம் முதுகைக் காட்டித் திரும்பிக்குங்க. ‘கட்’ சொன்னதும் மேடம் எழுந்து உட்கார்ந்து சத்தமாச் சிரிக்கணும், வந்தது எதுவா இருந்தாலும் இது நடிப்புன்னு தெரிஞ்சுக்கட்டும்.” வந்தது எதுவாக இருந்தாலும். அது வரவேண்டும் என்றுதானே படுத்திருக்கிறேன். இருபது நிமிஷத் தூரத்தில், ஆஸ்பத்திரியில், அம்மாவின் வயிற்றைக் கிழித்துப் போட்டிருப்பார்கள் இந்நேரம்.

சீனக் கணக்கில் புலி வருஷத்தில் பிறந்தவர்கள் திரும்பிக்கொள்ள வேண்டுமாம். விளக்குப் பிடிக்கும் ஒருவன் மட்டும், நான் புலி என்றான், சிரித்தார்கள். பெட்டிக்குள் படுத்திருப்பதும் புலிதான் என்பது இந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. தைபேயில் என் முதல் கம்பெனி மோ யாயின் என்று பெயர் வைத்து, ஒரு வயதைச் சுரண்டி, என்னை முயல் வருஷத்தில் போட்டது. புலிப் பெண் ஆகாதவள், கல்யாண வீட்டில் மணமகள் அறைக்குள் விடமாட்டார்கள், பிறந்த வீட்டில் அப்பனைத் தின்பாள். என்னைப் பெற்றவள் ஈயம் அரிக்கும் சீனத்தி. அவள் புருஷனுக்கு இருமல், ஜோசியன் கையைத் தூக்கிவிட்டான், இந்தக் குட்டி அவனை முழுங்கும் என்று. செம்பனைத் தோட்டத்தில், கூலிகளின் லயத்து வீட்டில், பச்சையம்மா என்று ஒருத்தி பெற்றதெல்லாம் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு மார்பில் பால் கட்டி அழுதுகொண்டிருந்தாள். யார் யாரிடம் சொன்னார்களோ, பச்சையம்மா சீனத்தி வீட்டு வாசலில் போய் நின்றாள், சும்மா வாங்கக் கூடாது என்று ஒரு படி தவிடு கொண்டுபோனாள். நம்மவர்கள் குழந்தை தங்காவிட்டால் செய்கிற தந்திரம், தவிட்டுக்கு வாங்கியதென்றால் எமன் கூட மூக்கைச் சுளித்துப் போய்விடுவானாம். சீனத்திக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைக் கொடுத்துவிட்டு, தவிட்டை வாங்கி வாத்துக்குப் போட்டாளாம். பச்சையம்மாதான் அம்மா, எனக்குத் தவிட்டம்மா என்று பெயர். ஊரில் அத்தனை பிள்ளைகளையும் உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று கேலி செய்வார்கள், அதுகள் அழும், நான் மட்டும் அழமாட்டேன், ஆமாம் அதற்கென்ன என்பேன். கழுத்துக்கடியில் இந்தத் தலையணை மொரமொரக்கிறது. தேயிலை அடைத்திருப்பார்கள், சீனப் பெட்டியில் அதுதான் வழக்கம். தேயிலைதான். வாசனை ஏன் இப்படி வருகிறது, நனைந்த தவிட்டு வாசனை, கோழிக்குப் பிசைந்து வைத்தது புளித்த மாதிரி. தேயிலைதான், பழைய தேயிலை. யாரோ பஞ்சால் மூக்கின் மேல் ஒற்றுகிறார்கள். அசையாதே.

பெற்றவன் சாகவில்லை. அதுதான் வேடிக்கை. இருமிக்கொண்டே தொண்ணூறு வரைக்கும் இருந்தான், பேரன் பேத்தி எடுத்தான். புலி வீடு மாறிப் போய்விட்டது. என்னை வளர்த்த அப்பா தீர்த்தமலை, செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்து அடியில் போனார், அப்போது நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். எழவு வீட்டில் ஒருத்தி என் காது கேட்கவே சொன்னாள், “சீனத்திக் குட்டி வந்து அப்பன முளுங்கிட்டா பாத்தியா.” தாலி அறுக்க உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து போய் அவள் கன்னத்தில் ஒன்று வைத்தாள். “தவுட்டுக்கு ஏதுடி ராசி? தவுட்டுக்கு ஏதுடி சாதகம்? இன்னொரு வாட்டி சொன்ன, நாக்க இளுத்து வச்சி அறுப்பேன்.” சொன்னவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் சொன்னது என் காதுக்குள் போய்விட்டது, அது அங்கேயே உட்கார்ந்து வளர்ந்தது, தைபேயில் என் பாட்டு வானொலியில் முதலிடத்தில் ஓடிய வாரம்கூட அது உள்ளே இருந்துகொண்டு, இப்போது யாரை, இப்போது யாரை என்று கேட்டது. கேசட் கடையில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட சீனம் என் சீனம். பாட்டின் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்து போட்டியில் பாடினேன், அர்த்தம் பிறகுதான் வந்தது. முகம் சீன முகம், குரல் நல்ல குரல், வேறென்ன வேண்டும், தைபே கம்பெனி கூட்டிப்போய்விட்டது. தோட்டம் வேண்டாம், தமிழ் வேண்டாம், ஜனங்கள் அழ வேண்டும் என்றார் மேனேஜர் ச்சியூ. எனக்கு ஒரு கடலோரக் கிராமம் செய்து கொடுத்தார், மீன்பிடிக்கப் போய் மூழ்கிய ஒரு அப்பாவையும் செய்து கொடுத்தார். படகுத்துறையில் அவர் செருப்பு மட்டும் கிடந்தது என்று ஒவ்வொரு பேட்டியிலும் சொன்னேன். சொல்லிச் சொல்லி அந்தச் செருப்பின் வார் அறுந்திருந்ததுகூட எனக்குத் தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் காவ்சியூங்கில் கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் ஒரு பெண்மணி ஆரஞ்சுப் பழங்களோடு வந்தாள். மரியாதையாகக் குனிந்து, “உங்கள் அப்பா நேற்று என் கனவில் வந்தார். நனைந்திருந்தார். செருப்பைக் கேட்டார்” என்றாள். கொடுத்துவிடுகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? இல்லாத மனிதன், நாங்கள் இட்டுக்கட்டிய மனிதன், அவன் எப்படி இன்னொருத்தி கனவுக்குள் நடந்து போனான்? அன்றிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது, சாவை நாம் பொய்யாகச் சொன்னாலும் அந்தப் பக்கம் அதை மெய்யாகத்தான் பதிந்துகொள்கிறார்கள். அந்த ஆரஞ்சுகளை நான் சாப்பிடவில்லை.

“மேடம், இன்னும் கொஞ்சம் பொறுங்க, காமிராவை மேலே ஏத்துறோம்.” பொறுக்கிறேன். செத்தவளுக்கு என்ன அவசரம். தைபேயில் முதல் தொடரிலேயே என்னைக் கொன்றார்கள். விஷம் குடித்து, உதட்டோரம் ரத்தம், வெள்ளைப் படுக்கை, நாடே அழுதது, விருது வந்தது. அந்தத் தொடரின் வீடியோ கேசட்டைத் தம்பி குணாளன் எங்கிருந்தோ வாங்கிவந்து லயத்தில் போட்டுக் காட்டியிருக்கிறான், அக்கா நடிச்சது பாரும்மா என்று. அம்மாவுக்குச் சீனம் ஒரு வார்த்தை தெரியாது. பிணத்துக்கு என்ன பாஷை. மூர்ச்சையாகி விழுந்து, தெளிந்ததும் தம்பியை இழுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் டெலிபோன் பிடித்தாள். அந்தக் குரலில் அவள் என்றும் பேசியதில்லை, கத்தவில்லை, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கிசுகிசுத்தாள். “பொய்யிக்குக் கூட சாவாதடி. ஒன்ன தவுட்டுக்கு வாங்கி அவன் கண்ணுல படாம மறைச்சி வச்சிருக்கேன். நீயே போயி நீட்டிப் படுத்து மூஞ்சியக் காட்டுனா அவன் பாத்துருவான்டி. என் மேல ஆணை.” அதற்குப் பிறகு மோ யாயின் எந்தப் படத்திலும் சாகவில்லை. கதை என்ன கதையாக இருந்தாலும் சரி, நான் கப்பலேறிப் போவேன், புத்த மடத்தில் சேர்வேன், ஓடும் ரயிலிலிருந்து குதிப்பேன், உடல் கிடைக்காது. ஒரு சரித்திரப் படத்தில் தலையை வெட்ட வேண்டிய ராணி நான், கடைசி நிமிஷத்தில் கொக்காகப் பறந்தேன், பத்திரிகைக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தயாரிப்பாளர்கள் மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. தலையாட்டிக்கொண்டு கேட்டதைச் செய்து கொடுத்தார்கள். பாட்டு ஓய்ந்து, மார்க்கெட் ஓய்ந்து, மலேசியாவுக்கே திரும்பி அம்மா வேஷம், அத்தை வேஷம், மாமியார் வேஷம் என்று இறங்கி வந்த பிறகும் அந்த ஒன்றை மட்டும் விடவில்லை. மூத்தம்மாவையும் மூடிய பெட்டியில், உள்ளே மணல் மூட்டை வைத்துத்தான் எடுப்பதாக இருந்தது. இன்று காலை வரைக்கும்.

காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சொன்னார், குடல் முறுக்கிக்கொண்டு ஒரு பகுதி கறுத்துவிட்டது, வயதும் எண்பதைத் தாண்டிவிட்டது, திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். தம்பி கையெழுத்துப் போட்டான். அம்மாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள், பல்செட்டைக் கழற்றிய வாய் உள்ளே போய் முகம் சின்னதாகியிருந்தது, என்னைப் பார்த்து, “நீ ஏன்டி நிக்கிற, போயி சாப்புடு” என்றாள். கதவு மூடியது. அப்போதுதான் உள்ளே உட்கார்ந்திருந்தது கேட்டது, இப்போது யாரை? நான் ஹோவைக் கூப்பிட்டேன். மணல் மூட்டை வேண்டாம், நானே படுக்கிறேன், முகத்தைத் திறந்தே வையுங்கள் என்றேன். அவர் சந்தோஷத்தில் திக்கினார். தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்து, “இன்னிக்குக் கூடவாக்கா சூட்டிங்கு?” என்றான். இன்றைக்கு மட்டும்தான்டா என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை, சொன்னால் பலிக்காது. அவன் என்னைக் காசுப் பேய் என்று நினைத்துக்கொள்ளட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது. ஆனால் கணக்கு எளிதானது, வருகிறவனுக்கு இந்தப் பக்கத்தில் பச்சையம்மா வீட்டில் ஒரு ஆள் வேண்டும், ஒரு ஆள் போதும், எவ்வளவோ வருஷம் அவனிடமிருந்து மறைத்துவைத்த ஆள் இதோ கிடக்கிறாள், முகத்தில் சாவுப் பூச்சோடு, தலைமாட்டில் விளக்கோடு. “நிழல், நிழல்! யாரது, தள்ளி நில்லுங்க!” என்கிறாள் சியூ லிங். “யாரும் இல்லையே” என்கிறான் ஒருவன். ஆனால் இமைக்கு மேல் ஒரு இருட்டு விழுந்திருப்பது எனக்குத் தெரிகிறது, மூடிய கண்ணுக்குள் சிவப்பாக இருந்தது பழுப்பாகிவிட்டது. விளக்கை நகர்த்துகிறார்கள், இரும்புக் கால் தரையில் கிறீச்சிடுகிறது, இருட்டு நகரவில்லை. முகத்துக்கு நேராகக் குனிந்து பார்ப்பதுபோல் அப்படியே நிற்கிறது. தேடுகிறதா? அடையாளம் தெரியவில்லையா? தெரியாதுதான், இது மூத்தம்மா முகம், அதற்கு அடியில் மோ யாயின் முகம், அதற்கு அடியில் முயல் வருஷத்துக்காரி, கடலோரக் கிராமத்து மகள், எத்தனை பூச்சு. பெயரைச் சொல்லக் கூடாது என்றாளே. சொல்கிறேன், உதடு அசையாமல் சொல்கிறேன். நான்தான். தவிட்டம்மா. பச்சையம்மா மகள். ஒளித்துவைத்திருந்தது என்னைத்தான், புலியும் நான்தான், வேறு யாரையும் தேடிப் போக வேண்டாம். “ஆக்‌ஷன்” என்றார் ஹோ.

அழுகிறார்கள். மூத்த மகனாக நடிப்பவன் பெட்டி விளிம்பில் தலையை முட்டிக்கொள்கிறான், அதிர்வு என் பிடரியில் தெரிகிறது. நல்ல நடிகன், கொஞ்சம் மிகை. அப்புறம் மூடி. நாலு பேர் தூக்கிவந்து கால்மாட்டிலிருந்து தள்ளுகிறார்கள், கனத்த மரம் மரத்தின் மேல் உராய்கிறது, அழுகை காலிலிருந்து மெல்லத் தேய்ந்துகொண்டே வந்து தலைமாட்டில் பட்டென்று நின்றது. இவ்வளவு இருட்டு இருக்கும் என்று நினைக்கவில்லை. நொடிகளை எண்ண வேண்டாம், ஹோ சீக்கிரம் திறந்துவிடுவார். சின்னதாக இழுத்து, சின்னதாக விடு. இழுக்கிறேன், விடுகிறேன். கேட்கிறது, மூச்சு, மரத்தில் மோதித் திரும்பி வருகிறது. இழுக்கிறேன், விடுகிறேன். நான் விட்ட பிறகு யார் இழுப்பது? எதிரொலிதான். பாட்டுக்காரிக்கு எதிரொலி தெரியாதா, எதிரொலி என்றால் பின்னால் வர வேண்டும், இது முன்னால் வருகிறது. நான் நிறுத்தினேன். அது நிற்கவில்லை. நிதானமாக, அவசரமே இல்லாமல், என் இடது காதுக்குப் பக்கத்தில், தூங்குகிற ஆள் மாதிரி இழுத்து விட்டது. கத்தவேண்டும் என்று இருந்தது. கத்தினால் ஆட்டம் கலைந்துவிடும், மூடி திறக்கும், அது எழுந்து வேறு இடத்துக்குப் போகும், இருபது நிமிஷத் தூரம் அதற்கு ஒரு எட்டு. கத்தவில்லை. இரு, இங்கேயே இரு, என்றேன். நன்றாகப் படுத்துக்கொள். தவிட்டு வாசனை பெட்டி முழுக்க நிறைந்தது. பிறகு அந்த மூச்சும் நின்றது.

“கட்!” மூடியைத் தூக்கினார்கள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது, எழுந்து உட்கார்ந்தேன், எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்க வேண்டும் அல்லவா. சிரித்தேன். கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, தொண்டை காய்ந்திருந்ததால் வேறு மாதிரி வந்தது, ஆனாலும் உரக்கவே சிரித்தேன், அவர்களும் சிரித்துக் கைதட்டினார்கள். விளக்குக்காரன் மட்டும் இன்னும் சுவரைப் பார்த்தே நின்றுகொண்டிருந்தான், போதும் திரும்புடா என்று ஒருவன் தோளைத் தட்ட வேண்டியிருந்தது. திரும்பியவன் என்னைப் பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டான். சியூ லிங் கைப்பையிலிருந்து என் போனை எடுத்துவந்தாள். “உங்க தம்பி நாலஞ்சு தடவை கூப்பிட்டுட்டார் மேடம்.” விரல் மரத்திருந்தது, அவளே அழைத்துக் காதில் வைத்தாள்.

“அக்கா,” குணாளன் அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை, “அம்மா பொளைச்சிட்டாங்கக்கா. நல்லபடியா முடிஞ்சிருச்சி. கண்ணு முளிச்சிட்டாங்க.” பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே அழுதேன், பூசிய சாவெல்லாம் பட்டுச் சட்டையில் வழிந்தது, சியூ லிங் பயந்து காகிதத்தை நீட்டினாள். “ஆனா ஒண்ணு,” என்றான். “முளிச்சதுலேருந்து ஒரே அளுகை. நீ போயிட்டியாம். பெட்டியில வச்சி மூடுனத பாத்தாங்களாம். நான் எவ்வளவோ சொல்லிட்டேன். மயக்க மருந்து அப்பிடித்தான் பேச வைக்குமாம், ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும்னு டாக்டர் சொல்றாரு. ஒன் கொரலக் கேட்டா சரியாயிரும், இரு, குடுக்கறேன்.” அவனிடம் பெட்டியைப் பற்றி நான் சொல்லவே இல்லை. துணி உரசும் சத்தம், ஏதோ ஒரு கருவியின் சீரான கூவல், பிறகு அந்த மூச்சு, பல் இல்லாத வாயின் மூச்சு, என் அம்மாவுடையது. “அம்மா, நான்தாம்மா. ஒன் தவுட்டம்மா. நான் இங்கதாம்மா இருக்கேன், எனக்கு ஒண்ணும் இல்ல.” கவனமாகக் கேட்கிறாள் என்று தெரிந்தது. “அம்மா, பேசும்மா.” போனைத் தள்ளி வைத்துத் தம்பியிடம் சொன்னாள், எனக்கும் கேட்டது, “இது எம் மவ கொரலு இல்லப்பா.” லட்சம் பேர் இருட்டில் கேட்டே இன்னார் என்று சொல்லிவிடும் குரல். நான் போனைப் பிடித்துக்கொண்டு கதறினேன், நான்தாம்மா, நான்தாம்மா என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை, படப்பிடிப்புக்காரர்கள் புரியாத பாஷையில் அழும் என்னைப் பார்த்து ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். தம்பி மறுபடியும் காதில் வைத்திருக்க வேண்டும், அம்மா மிக அருகில் வந்தாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனால் குரல் இதமாக இருந்தது, வாசலில் வந்து நிற்கும் அந்நியர்களிடம் அவள் எப்போதும் பேசுகிற குரல். “அளுவாதம்மா. நீ யாரு பெத்த புள்ளையோ தெரியல, எம் மவளுக்காக இந்த அளுவ அளுவுற. நீயாவது நல்லாருக்கணும் தாயி.”